அடைக்கலம் என்னும் பொறுப்பு

கிறித்தவ இறையியலில் 'எதிர்நோக்கு' எனப்படுவது, நாளை எல்லாம் சரியாகிவிடும் என்ற மனத்தெம்பிலிருந்து வேறானது. விசுவாசம் கடவுளை ஏற்றுக்கொள்வது என்றால், எதிர்நோக்கு அவர் கைவிடமாட்டார் என்ற உறுதியோடு துன்பத்தின் நடுவிலேயே காத்திருப்பதாகும். மனம் உடைந்த ஒருவரால் அந்தக் காத்திருப்பைத் தனியே தாங்க முடியுமா என்ற கேள்விக்கு, கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியின் வரலாறு விடை தருகிறது.

2007இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்த அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது இவ்வூர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடத்தின் தென்கரை தஞ்சை மராட்டியரிடமும் வடகரை அரியலூர் மழவராயரிடமும் இருந்தன. தஞ்சையில் ஒடுக்குமுறைக்கு ஆளான கிறித்தவர்கள் ஆற்றைக் கடந்து வந்து இங்கே தங்கினார்கள். இத்தாலியில் 1680இல் பிறந்து தமிழ் முனிவராகவே வாழ்ந்த வீரமாமுனிவர், இவ்வூர் மரியன்னையை அடைக்கல மாதா என்றும் ஊரைத் திருக்காவலூர் என்றும் அழைத்தார்.

அவர் தேர்ந்த சொல் ஆழமானது. தமிழில் 'அடைக்கலம்' என்பது புகலிடத்தை மட்டுமன்றி, ஒருவரை நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளையும் குறிக்கும். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல மாதரியிடம் ஒப்படைக்கிறார். அந்த அடைக்கலத்தைக் காக்க முடியாமற்போன துயரில் மாதரி தீயில் விழுந்து உயிர்விடுகிறாள். ஆகவே அடைக்கலம் தருபவர் இரக்கம் காட்டுபவராக மட்டும் நின்றுவிட முடியாது. வந்தவருக்காகப் பதில் சொல்லவேண்டிய கடனும் அவரைச் சேர்கிறது.

வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய, 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி இக்கருத்துக்கு இன்னொரு பக்கத்தைச் சேர்க்கிறது. வளன் என அவர் பெயரிட்ட சூசையப்பரே அதன் காப்பியத் தலைவர்; ஏரோதின் வாளுக்குத் தப்பி, குழந்தையோடும் மரியாளோடும் எகிப்துக்குச் செல்பவர் அவர். கடவுளே மனிதராகப் பிறந்து அயல்நாட்டில் புகலிடம் தேடியதாகக் கிறித்தவம் நம்புவதால், வாசலில் நிற்கும் அகதியின் முகம் அதற்கு அந்நியமாகாது.

இந்த அளவுகோலைத் திருச்சபையின் மீதும் வைக்கவேண்டும். தமிழ்நாட்டின் பல ஆலயங்களில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கப்பட்டதும், கல்லறைகள்கூடப் பிரிக்கப்பட்டதும் வரலாறு; அடைக்கலத்தின் பெயரால் எழுந்த சமூகம் உள்ளிருந்தவர்களையே விலக்கிவைத்தது மன்னிக்கத்தக்க பிழையன்று.

இன்று ஏலாக்குறிச்சிக்குச் சமய வேறுபாடின்றி மக்கள் வருகிறார்கள். நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டு அவர்கள் திரும்பும் வீடுகளில் கடனும் குடியும் தீராத நோயும் காத்திருக்கக்கூடும். அவ்வீடுகளுக்கு அருகிலுள்ள பங்கு மக்கள், அறிவுரை கூறும் முன் அவர்களோடு உட்கார்ந்து, சொல்வதை முழுமையாகக் கேட்கட்டும்.