அறியாமல் செய்த பிழை

அன்பினால் செய்த ஒரு காரியம் தீங்காக முடிந்தால், செய்தவரைக் குற்றவாளி என்று சொல்லலாமா? இந்தக் கேள்வியை நான் எந்தத் தர்ம சாஸ்திரத்திலும் படிக்கவில்லை. என் அம்மா கேட்ட கேள்வி இது.

எங்கள் மூத்த பெண் பிறந்த அன்று தொடங்கிய கதை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் மனைவி படுத்திருந்தாள். மஞ்சள் நிறத்தில், கெட்டியாகச் சீம்பால் சுரந்திருந்தது.

"அதைப் பீச்சிக் கீழே விட்டுடும்மா. பச்சைப் பிள்ளைக்கு அது செரிக்காது. மூணு நாள் கழிச்சுப் பால் கொடுக்கலாம். இப்போ நான் சேனை தொட்டு வைக்கிறேன்" என்றாள் அம்மா. கையில் சீனித் தண்ணீர்க் கிண்ணம்.

சற்று முன்புதான் நர்ஸ் வந்து, "ஒரு சொட்டுக்கூட வீணாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மருந்து வாங்கும் சாக்கில் வராந்தாவுக்கு நழுவிவிட்டேன்! கதைகளில் எத்தனையோ வீரர்களைப் படைத்தவனின் தைரியம் அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. "பிள்ளை தேடிச்சு அத்தை, கொடுத்துட்டேன்" என்று அவள் சொன்ன குரலில் மரியாதையும் இருந்தது, உறுதியும் இருந்தது. அம்மா கிண்ணத்தை ஜன்னலோரம் வைத்துவிட்டாள். ஒன்றும் பேசவில்லை.

என் மனைவி செய்ததே சரி. சீம்பால் அளவில் கொஞ்சம். ஆனால் பிறந்த குழந்தையின் சிறு வயிற்றுக்கு அதுவே போதும். நோயை எதிர்க்கும் சக்தி அதில் நிறைந்திருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்கி, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்படியானால் பாட்டிமார் அறிந்ததெல்லாம் மூட நம்பிக்கைதானா? அவசரப்பட வேண்டாம். குழந்தையை இழந்த தாய்க்குப் பால் கட்டிக்கொண்டால், மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவது நம் பக்கத்துப் பெண்களின் வைத்தியம். வேலூர் மருத்துவர்கள் அதைச் சோதித்துப் பார்த்து, 1988இல் முடிவை வெளியிட்டார்கள். பால் கட்டின வேதனையைத் தணிப்பதில் மல்லிகை மாத்திரைக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது.

படித்தவர்களும் தவறியிருக்கிறார்கள். நியூஸிலாந்தில் ட்ரூபி கிங் என்ற புகழ்பெற்ற டாக்டர், கடிகாரத்தைப் பார்த்து நான்கு மணிக்கு ஒரு முறைதான் பால் கொடுக்க வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போதித்தார். பல நாட்டுத் தாய்மார் அழும் பிள்ளையை வைத்துக்கொண்டு கடிகார முள்ளைப் பார்த்துக் காத்திருந்தார்கள். "அழுதால் எடுத்துக் கொடு" என்ற நம் கிழவியின் சொல்லைத்தான் இன்றைய மருத்துவமும் சொல்கிறது. அழும்வரைகூடக் காத்திராதே என்கிறது. பிறகு டப்பாப் பால் விளம்பரங்கள் வந்தன. அவற்றுக்குக் கடிவாளம் போட 1981இல் ஓர் உலக விதிமுறையும், 1992இல் நம் நாட்டில் ஒரு சட்டமும் தேவைப்பட்டன.

இதையெல்லாம் ஒரு நாள் மாலை வீட்டில் பிரசங்கம்போல் சொல்லிக்கொண்டிருந்தேன். சீம்பாலின் பெருமையை நான் விவரித்தபோது, பூத் தொடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"உங்கண்ணன் எட்டாம் நாள் போயிட்டானேடா. மூணு நாள் சீனித் தண்ணிதான் கொடுத்தேன். என் மாமியார் சொன்னாங்க, நான் பீச்சிக் கொட்டினேன். அதனாலேதானா?"

எனக்கு நா எழவில்லை. "ஆம்" என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. "இல்லை" என்று சொல்லவும் இல்லை. அறிவைக் கூர்வாளாகத் தீட்டிக்கொண்டு வந்தவன், அது யார்மேல் படும் என்று யோசிக்கவில்லை.

"அப்போ உனக்குத் தெரியாதேம்மா" என்றேன் கடைசியில்.

"தெரியாதுதான்" என்றாள். மறுபடி பூவை எடுத்துக்கொண்டாள்.

அறியாமல் செய்ததைக் குற்றம் என்று எந்த நியாயஸ்தலமும் சொல்லாது. ஆனால் மனம் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொள்வதில்லை. அப்படிப்பட்டவருக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. "நாங்களெல்லாம் வளர்க்கவில்லையா?" என்று பழையதையே பிடித்துக்கொண்டு வலியிலிருந்து தப்பலாம். பெரும்பாலோர் செய்வது அதுதான். அவர்களை ஏளனம் செய்யவும் எனக்கு மனமில்லை. மற்றொன்று, வலியைத் தாங்கிக்கொண்டு உண்மையை ஏற்பது. அறிந்த பிறகும் மாறாமலிருப்பதையே நான் குற்றம் என்பேன்.

இரண்டு வருஷம் கழித்து என் தம்பி மனைவிக்குப் பிரசவம். அவளுடைய அம்மா சீனித் தண்ணீரோடு வந்தாராம். அம்மா அவர் கையை மெல்லப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் சம்பந்தி. முதல் பாலைக் கொடுக்கட்டும். நான் கொடுக்காமே விட்டவ, சொல்றேன்" என்றாளாம்.

அப்போதும் நான் வராந்தாவில்தான் இருந்தேன். என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.