அரண்மனையில் ஒரு பெருமூச்சு

சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பலருடைய பிரயாணத்தில் தஞ்சாவூரும் சேர்ந்திருக்கிறது. காலையில் நள தீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்தியிருந்த துணியைக் கரையில் விட்டுவிட்டு, சனீசுவரனைத் தரிசித்தாயிற்று. பிறகு பெரிய கோயில். பொழுது மிச்சமிருந்தால் அரண்மனை. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிற அந்தக் கூட்டத்தோடு நானும் பல தடவை போயிருக்கிறேன். தர்பார் மண்டபத்தின் வர்ணம் தீட்டிய தூண்களுக்கு எதிரே நின்றதும், யாராவது ஒருவர் தவறாமல் பெருமூச்சு விடுவார். "எப்படி வாழ்ந்தவர்கள்! எல்லாம் காலம்" என்பார். பக்கத்தில் இருப்பவர் தலையை ஆட்டுவார். அப்புறம் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள்.

இந்தப் பெருமூச்சின்மேல் எனக்கு வெகு நாளாகச் சந்தேகம் உண்டு. அதில் இரக்கம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது யார்மேலும் படாத இரக்கம். மழை பெய்து சுவர் இடிந்தது என்று சொல்வதைப் போல, ஒரு ராஜ்யம் போனதைச் சொல்லிவிடுகிறது.

தஞ்சாவூர் ராஜ்யத்தைக் கொண்டுபோனது காலம்தானா? 1799-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இரண்டாம் சரபோஜியோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. நாட்டின் நிர்வாகம் கம்பெனிக்கு. ராஜாவுக்குக் கோட்டையும், வருஷம் ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும். அவருடைய பிள்ளை சிவாஜி 1855-இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். மறு வருஷம் கம்பெனி அதிகாரி பட்டாளத்தோடு அரண்மனைக்குள் நுழைந்து, அறைகளுக்கு முத்திரை வைத்துக் காவல் போட்டார். ராஜ்யம் மட்டுமல்ல, நகையும் பாத்திரமும் உள்பட அந்தக் குடும்பத்தின் சொந்த உடைமைகளும் அதில் அடங்கின. மூத்த ராணி காமாட்சி பாயி சாகேபு வழக்காடினார். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார். லண்டன் பிரிவி கௌன்ஸில் 1859-இல் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. காரணம் விசித்திரமானது. செய்தது நியாயமா, அநியாயமா என்ற பேச்சே வேண்டாம். அது ஓர் அரசின் செயல். அதை விசாரிக்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரமில்லை என்றார்கள். 1862-இல் சர்க்கார் சொந்த உடைமைகளைத் திருப்பிக் கொடுத்தது உண்டு. உரிமை என்று அல்ல, தயவு என்று.

இவ்வளவுக்கும் தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. நாம் 'காலம்' என்கிறோம்.

நமக்கு மட்டும் உள்ள வழக்கம் அல்ல இது. இஸ்தான்புல்லில் உஸ்மானிய சுல்தான்களின் தோப்காப்பி அரண்மனையைப் பார்க்க உலகமே போகிறது. 1924 மார்ச்சில் துருக்கியக் குடியரசு அந்த வம்சத்தை நாடு கடத்தியது. கடைசி கலீபாவை இரவோடு இரவாக வேறோர் அரண்மனையிலிருந்து வெளியேற்றினார்கள். ஏப்ரலிலேயே தோப்காப்பியை மியூஸியம் ஆக்குவதென்று தீர்மானம் ஆகிவிட்டது. அங்கே மரகதக் கட்டாரியின் முன் நின்றும் யாராவது காலத்தைத்தான் நொந்துகொள்வார்கள்.

"செய்தவனும் செத்தான், இழந்தவனும் செத்தான். இப்போது பேர் சொல்லி என்ன லாபம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். "ராஜாக்கள் மட்டும் யோக்கியமா?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. அந்த மண்டபத்துக்கு விலை கொடுத்தது காவேரிப் படுகையின் நெல். களத்து மேட்டில் மேல்வாரம் அளந்த பிறகு மிஞ்சியதில்தான் மற்றவர்கள் வயிறு. சேற்றில் இறங்கி உழுதவர்களில் பலர் நிலத்தோடு சேர்த்துக் கைமாறிய அடிமைகள். அடிமை உரிமையைக் கோர்ட்டுகள் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்ததே 1843-இல்தான். எங்கள் காரைக்கால் தஞ்சாவூர் அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது 1739-இல். கொடுத்தவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை, ஊரில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று. ஆகையால், கம்பெனியின் பெயரைச் சொல்லுகிறவன் அதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. 'காலம்' என்ற சொல் கம்பெனியை மட்டுமா காப்பாற்றுகிறது? ராஜாவையும் காப்பாற்றுகிறது.

முதல் கேள்விக்குப் பதில் திருநள்ளாற்றுக் கதையிலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது. நளன் ராஜ்யத்தை இழந்ததற்குச் சனியைச் சொல்கிறோம். பாரதத்தில் கலி என்று இருக்கிறது. கிரகம் எதுவானால் என்ன, சூதுக்கு அழைத்தவன் புஷ்கரன், கூடப் பிறந்த தம்பி. காயை உருட்டியவன் நளன். தீர்த்தத்தில் முழுகும்போது நமக்குப் புஷ்கரன் ஞாபகமே வருவதில்லை. நளனுக்கு வந்தது. பல வருஷம் கழித்து, அயோத்தி ராஜனிடம் தேரோட்டிப் பிழைத்த பின், நேரே தம்பியிடம் போய் மறுபடி ஆடி ஜெயித்தான். ஜெயித்த கையோடு அவனை மன்னித்து, அவன் பங்கையும் கொடுத்து அனுப்பினான். பழி முழுவதும் கிரகத்தின்மேல் என்று அவன் இருந்திருந்தால், அந்த மன்னிப்புக்கு ஆளே கிடைத்திருக்க மாட்டான்.

தர்பார் மண்டபத்தோடு திரும்பிவிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பக்கத்திலேயே சரஸ்வதி மகால் நூல்நிலையம் இருக்கிறது, 1918 முதல் பொதுஜனங்களுடையது. ராஜ்யம் போன பிறகு சரபோஜி செலவிட்ட பணமும் உழைப்பும் அங்கே ஏடுகளாக நிற்கின்றன. தன்வந்திரி மகால் என்று ஒரு வைத்தியசாலையும் வைத்திருந்தார். அங்கே கண் நோய்க்கு வந்தவர்களின் கண்களைச் சித்திரக்காரரைக் கொண்டு வரையச் செய்து, என்ன சிகிச்சை நடந்தது என்று குறித்தும் வைத்தார்கள். பூ விழுந்த கண், சிவந்து வீங்கிய கண். ராஜாக்களின் படங்களைப் போலப் பொன் தகடும் கல்லும் பதித்தவை அல்ல. அவற்றின்முன் நின்று யாரும் பெருமூச்சு விட்டு நான் பார்த்ததில்லை.