சிரிப்பும் சாபமும்

போதையில் தள்ளாடுகிறவனைக் கண்டு சிரிக்கலாமா? சிறிய கேள்விதான், ஆனால் நம் ஈமானை உரைத்துப் பார்க்கும் கேள்வி.

2016 ஜூனில் ‘உட்தா பஞ்சாப்’ என்னும் இந்திப் படம் வெளிவந்தது. தணிக்கை வாரியம் பல வெட்டுகள் கேட்க, பம்பாய் உயர்நீதிமன்றம் ஒரே வெட்டோடு அனுமதித்தது. சினிமா கூடுமா, கூடாதா என்பதை நாம் இங்கே பேச வரவில்லை. அக்கதை எழுப்பும் கேள்வியே நமக்கு வேண்டும். எல்லைக்கு அப்பாலிருந்து ஒருவன், வட்டெறியும் வீரனைப் போல் ஹெராயின் பொட்டலத்தை வீசுகிறான், பார்ப்பவர் சிரிக்கிறார். போதையைப் புகழ்ந்து பாடிய பாடகன் சிறை செல்கிறான். அங்கே அவன் பாட்டை மனப்பாடமாகப் பாடும் இரு வாலிபர்கள், போதைக்குக் காசு வேண்டிப் பெற்ற தாயைக் கொன்றவர்கள்! சிரிப்பு அங்கே தொண்டையில் நின்றுவிடுகிறது. லஞ்சம் வாங்கி லாரிகளை விட்ட காவலரும் ஒருநாள் சொந்தத் தம்பியையே போதையில் காண்கிறார்.

பாவத்தை இலேசாக்கும் சிரிப்பு ஒன்று. பாவியை மிதிக்கும் சிரிப்பு மற்றொன்று. இரண்டும் ஷைத்தானுக்கே துணை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சிரிக்க வைக்கும் அப்துல்லாஹ் என்றொரு தோழர் இருந்தார். மது அருந்தியதற்காகத் தண்டனையும் பெற்றவர். மீண்டும் அதே குற்றத்திற்காக அவர் கொண்டுவரப்பட்டபோது ஒருவர் அவரைச் சபித்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிப்பவர் என்று சாட்சி பகர்ந்தார்கள். ஸஹீஹுல் புகாரி தரும் செய்தி இது. தண்டனையும் நீங்கவில்லை, அன்பும் நீங்கவில்லை.

வடக்குத்து, நெய்வேலிவாசிகள் ஒன்றை அறிவார்கள். நிலக்கரிப் படுகையின் கீழே நிலத்தடி நீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. இரவும் பகலும் இறைப்பதால்தான் சுரங்கம் மூழ்காதிருக்கிறது. நேற்று இறைத்தோம், இன்று போதும் என்று இருக்க முடியுமா? போதையை விட்டவன் நிலையும் அதுவே. தவ்பா அவனுக்கு வாசல். அதற்குப்பின் நடக்க வேண்டிய தூரம் நீண்டது. கூடநின்று இறைக்கும் கைகள் அவனுக்கு வேண்டும்.

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டமே, தானாகச் சிகிச்சைக்கு முன்வருபவனுக்கு, சில நிபந்தனைகளுடன், வழக்கிலிருந்து காப்பளிக்கிறது. 14446 என்ற அரசு உதவி எண்ணும் இருக்கிறது. சட்டம் திறந்த கதவை மஹல்லா அடைக்கலாமா? மகனின் நிலையை மூடி மறைக்கும் தாய் அஞ்சுவது காவல்துறையை மட்டுமன்று. நம் வாய்ச் சிரிப்பையும்தான். அந்த அச்சத்தில் கழியும் ஒவ்வொரு நாளும் பிள்ளையின் உயிரில் கழிகிறது. அதற்கு நாளை மறுமையில் நாமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளையும், நம் நாவுகளையும் காத்தருள்வானாக! ஆமீன்.