ஆவி

ஜலதோஷம் கண்ட குழந்தையைக் கம்பளிக்குள் உட்கார வைத்து, நொச்சித் தழை போட்டுக் கொதித்த நீரின் மேல் முகத்தைக் காட்டச் சொல்லும் தாய், அதற்கு ‘ஆவி பிடித்தல்’ என்று பெயர் சொல்லுகிறாள். அதே வீட்டில் ஒரு முதியவர் கண்ணை மூடினால், ‘ஆவி பிரிந்தது’ என்று சொல்லுகிறவளும் அவளே. இந்த இரண்டும் ஒரே சொல்லாக இருப்பதைப் பற்றி நான் நெடுங்காலம் சிந்தித்ததில்லை. பின்லாந்தின் தென்கிழக்கே, சைமா ஏரிக்கரையில், ஆகஸ்டு மாதத்துப் பின்மாலை ஒன்றில், கழிகளையும் கித்தானையும் கொண்டு அன்று பிற்பகல் நாங்களே எழுப்பிய ஒரு கூடாரத்துக்குள் வியர்வை வழிய அமர்ந்திருந்தபோதுதான், அந்தச் சொல் தன் முழுப் பாரத்தோடு என் முன்னே வந்து நின்றது.

காய்ந்த கற்களின் மேல் நீரை வார்த்தவுடன் எழுந்து உடலைத் தழுவும் ஆவியை அந்த நாட்டார் ‘லோய்லு’ என்கிறார்கள். பண்டைக் காலத்தில் அச்சொல்லுக்கு மூச்சு என்றும் உயிர் என்றும் பொருள் இருந்தது. அதே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஹங்கேரியத்தில் அதன் உடன்பிறப்பான ‘லேலெக்’ இன்றும் ஆன்மாவையே குறிக்கிறது. ஒருவரையொருவர் கண்டும் கேட்டும் அறியாத தமிழரும் பின்லாந்தினரும், கொதிநீரிலிருந்து எழுவதையும் உடலிலிருந்து பிரிவதையும் ஒரே சொல்லால் அழைத்திருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சுமார் 55 லட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 30 லட்சம் ‘சௌனா’க்கள் உள்ள அந்நாட்டில், முன் தலைமுறைகளின் பெண்கள் பலர் அந்த வெந்நீராவி அறையிலேயே பிள்ளை பெற்றார்கள், இறந்தவரின் உடலைக் கழுவிச் சவப்பெட்டியில் வைத்ததும் அங்கேதான். தேவாலயத்தில் இருப்பது போல அங்கே அடக்கத்தோடு இருக்க வேண்டும் என்பது குழந்தைகளுக்கு இன்றும் சொல்லப்படும் புத்திமதி.

மின்சார அடுப்பு வைத்த சௌனாவில் மனிதன் செய்யும் காரியம் ஒரு பொத்தானை அழுத்துவதும் ஓர் அகப்பை நீரை வார்ப்பதும்தான். காட்டுக் கூடாரத்திலோ ஐம்பூதங்களில் ஒவ்வொன்றையும் தன் கையாலேயே கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அதைக் கற்பித்தவர் என் நண்பருடைய மாமனார். ஓய்வு பெற்ற தச்சர். நில உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் அங்கே தரையில் நெருப்பு மூட்டலாகாது என்பதால் முதலில் அந்தச் சம்மதத்தைப் பெற்றார். பிறகு உரித்த தேங்காய் அளவுள்ள கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றை மற்றொன்றோடு தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். கணீரென்று ஒலித்த கல்லை ஒரு பக்கம் வைத்தார். மந்தமாக ஒலித்த கல்லுக்குள் விரிசல் இருக்கிறதென்று அதை ஒதுக்கினார். ஏரிக்குள் வழவழவென்று அழகாகக் கிடந்த கல்லொன்றை நான் ஆசையோடு எடுத்து வந்தபோது, பேசாமல் அதை வாங்கிக் கொண்டுபோய்த் திரும்ப நீரிலேயே வைத்தார். நெடுநாள் ஊறிய கல்லின் நுண்ணிய துளைகளுக்குள் நீர் ஒளிந்திருக்குமாம். தீயில் அது ஆவியாகி, வெளிவர வழியின்றிக் கல்லையே வெடித்துச் சிதற அடிக்குமாம்.

கற்களைக் கும்பலாக அடுக்கி, அடியில் குகை போல இடம் விட்டு, பிர்ச் விறகை மூன்று மணி நேரம் எரித்தோம். கற்கள் சிவந்தபின் ஒரு தணல் துண்டுகூட மிஞ்சாதபடி வாரி எடுத்துத் தொலைவில் கொட்டி நீர் ஊற்றினோம். அடைத்த இடத்தில் கனலும் கரியிலிருந்து நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு பிறந்து, உள்ளிருப்பவர் அறியாமலே அவர்களை மாய்த்துவிடும். அதன் பின்னரே கழிகளின் மேல் கித்தானைப் போர்த்தினோம். உயிரின் பெயரைத் தாங்கிய இந்தக் காரியத்தில் உயிரைப் போக்கும் வழிகளும் இத்தனை அருகில் இருப்பது என்னை வெகுவாக யோசிக்க வைத்தது. வட அமெரிக்காவின் லகோட்டா மக்கள் வில்லோக் கழிகளை வளைத்துக் கட்டும் ‘இனிபி’ என்ற வியர்வைக் குடிலும், வாழ்தல் என்ற பொருளுள்ள அடிச்சொல்லிலிருந்தே பெயர் பெற்றது. அக்குடிலைப் போல வேறு சிலர் அரிசோனாவில் 2009-ஆம் ஆண்டு அமைத்த கூடாரமொன்றில், அளவு மீறிய வெப்பத்தால் மூன்று பேர் இறந்துபோனார்கள். எழுந்து வெளியே போகும் சுதந்திரம் உள்ளே இருப்பவனுக்கு ஒவ்வொரு க்ஷணமும் இல்லையென்றால், அது தவமாகாது, வெறும் வதையே.

உள்ளே இருட்டு. நாங்கள் ஆறு பேர், முழங்கால்கள் உரச, தாழ்ந்த பலகைகளில் அமர்ந்தோம். மாமனார் அகப்பையில் நீரை முகந்து வார்த்தார். சீறல் எதிர்பார்த்ததைவிட மிருதுவாக இருந்தது. ஒரு பெருமூச்சைப் போல. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது என்று பள்ளியில் படித்திருந்தேன். அந்த விரிவு முதலில் காதுமடல்களில், பிறகு தோள்களில், பிறகு முதுகில் வந்து படிவதை அன்றுதான் அறிந்தேன். கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. வெளிச்சம் இருந்தாலும் புலப்பட்டிராது. ஏனெனில் அடுப்பங்கரையில் நாம் ஆவியென்று சுட்டிக் காட்டும் வெண்புகை ஆவியன்று, குளிர்ந்து மறுபடி துளியாகிவிட்ட நீர். மெய்யான ஆவி அரூபம். அது தோலில் பட்டு நீராகும்போது, தீயிடமிருந்து தான் பெற்ற வெம்மை முழுவதையும் உடலுக்குக் கொடுத்துவிட்டு மறைகிறது. அந்தக் கொடையின் மூலமே அது இருந்ததென்று நாம் உணர்கிறோம்.

அப்போதுதான் மணிமேகலைக் காப்பியத்தின் பூதவாதி என் நினைவுக்கு வந்தார். தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் மற்றவற்றையும் சேர்த்தால் மதுவில் களிப்புப் பிறப்பது போல, பூதங்கள் கூடுமிடத்தில் உணர்வு பிறக்கிறது, அவை பிரிந்தால் அதுவும் கலைந்துவிடுகிறது என்று சமயக் கணக்கர்களிடையே நின்று சாதித்தவர் அவர். அவருக்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் எங்கே கிடைக்கும்? மண்ணின் கடினம் கல்லாகவும், ஏரி நீராகவும், பிர்ச் விறகு தீயாகவும், கித்தானுக்குள் அடைபட்ட வெளியும் காற்றுமாக ஐந்தையும் நாங்களே கூட்டினோம். உயிர் என்று பெயர் பெற்ற ஒன்று எங்கள் கண்ணெதிரிலேயே, இல்லை, எங்கள் தோலின் மேலேயே எழுந்தது. சிறுவயதிலிருந்து தேவாரம் கேட்டு வளர்ந்த எனக்கு இது சற்றுக் கலக்கத்தைத் தந்ததென்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் மணிமேகலை அவருக்குச் சொன்ன விடையும் தொடர்ந்து நினைவுக்கு வந்தது. காட்சி ஒன்றே பிரமாணம் என்று சொல்லுகிறவர், தம் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிந்தார் என்று அவள் கேட்டாள். ஏட்டில் படித்தபோது இது வாதத்தில் வெல்லுவதற்கான ஒரு யுக்தியாகவே எனக்குத் தோன்றியிருந்தது. அந்த இருட்டில் அப்படித் தோன்றவில்லை. என் இருபுறமும் இருந்தவர்களில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை நீர் வார்க்கும்போதும் இடப்பக்கத்திலிருந்து ஒரு நீண்ட மூச்சும், எதிரிலிருந்து தொண்டைக்குள் அடங்கிய ஒரு முனகலும் வந்தன. அவ்வளவுதான். அந்த மூச்சுக்குப் பின்னால் என்னைப் போலவே வெப்பத்தை அனுபவிக்கும் ஓர் உயிர் இருக்கிறதென்பதில் எனக்கு அணுவளவும் ஐயம் இருந்ததில்லை. எனினும் அதை நான் கண்டதில்லை, பகல் வெளிச்சத்திலும் ஒருபோதும் கண்டதில்லை. பிறர் உயிரை நாம் அனைவரும் அனுமானத்தாலேயே ஏற்று, அந்த அனுமானத்தின் மேலேயே அன்பையும் தர்மத்தையும் கட்டி வாழ்கிறோம். உயிர் பூதங்களிலிருந்து பிறந்ததா, அவற்றுக்கு முன்பே இருந்ததா என்ற வினாவுக்கு இது விடையாகாது. அந்த அளவில் பூதவாதி இன்னும் தோற்றுவிடவில்லை. ஆயினும் காண்பது மட்டுமே உண்மை என்று பிடிவாதமாக நிற்பவர், அந்தக் கூடாரத்தில் தமக்குப் பக்கத்தில் முழங்கால் உரச அமர்ந்திருப்பவரைக்கூட இழந்துவிடுவார் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏரியில் மூன்று முறை மூழ்கி எழுந்து, மூன்று முறை உள்ளே திரும்பினோம். கடைசியாக எல்லோரும் வெளியேறும் தறுவாயில் மாமனார் மட்டும் பின்தங்கி, இன்னும் ஓர் அகப்பை நீரைக் கற்களின் மேல் வார்த்துவிட்டுக் கித்தான் வாயிலை மெல்ல மூடினார். சௌனாவைக் காக்கும் சிறு தெய்வம் ஒன்று உண்டென்றும், கடைசி லோய்லு அதற்கே உரியதென்றும் முன்னோர் கருதினார்களாம். அவர் அதை நம்புகிறாரா என்று நான் கேட்கவில்லை.

விடியற்காலையில் கூடாரத்தைப் பிரித்தோம். கழிகளை மரத்தடியில் சாய்த்து, கித்தானைச் சுருட்டினோம். புல்லெங்கும் பனித்துளி இருந்தது. கற்குவியலின் மேல் மட்டும் இல்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். இன்னும் வெதுவெதுப்பு இருந்தது.