கல்லாவுக்கும் பீடத்துக்கும் நடுவே



இன்று நவம்பர் 13. வட இத்தாலியில் உள்ள கிரெமோனா நகருக்கு இன்று திருவிழா. அந்த ஊரின் பாதுகாவலர் புனித ஓமோபோனோ நம் கடைத்தெருக்காரர்களைப் போன்றவர்தான். துணி வணிகர், தையல் தெரிந்தவர், தந்தையின் தொழிலையே தாமும் செய்தவர். மணமானவர். வணிகத்தில் ஈட்டியதை ஏழைகளின் வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அவர் பெயருக்கே 'நல்ல மனிதன்' என்றுதான் பொருள்.

வணிகம் செய்கிறவன் கடவுளுக்கு உகந்தவனாவது அரிது என்ற எண்ணம் அக்காலத் திருச்சபையில் வேரோடியிருந்தது. அந்தக் காலத்தில்தான் இவர் இரவு வழிபாட்டுக்குப் புனித எஜிதியோ கோவிலுக்குப் போவார், காலைத் திருப்பலி வரை அங்கேயே காத்திருப்பார். 1197-ஆம் ஆண்டு இதே நாளில், திருப்பலியில் 'உன்னதங்களிலே' பாடும்போது கைகளைச் சிலுவைபோல் விரித்தபடி தரையில் விழுந்தார். பக்தியால் விழுந்து கிடக்கிறார் என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். நற்செய்திக்கு எல்லாரும் எழுந்தார்கள், அவர் எழவில்லை. அருகில் போய்ப் பார்த்தபோதுதான் உயிர் பிரிந்தது தெரிந்தது.

அந்நகரின் ஆயர் சிக்கார்தோ உரோமைக்குப் போய் மன்றாடினார். 14 மாதங்களுக்குள், 1199 ஜனவரி 12 அன்று, திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். அரச குலத்திலோ பிரபுக்கள் வீட்டிலோ பிறக்காத ஒரு குடும்பஸ்தர், ஒரு கடைக்காரர்! அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு என் சிறுவயதில் தெருமுனையில் இருந்த அண்ணாச்சி கடை நினைவுக்கு வரும்.

அடைமழைக் காலத்தில் அப்பாவுக்கு வேலை இருக்காது. "நோட்டுல எழுதிக்கச் சொல்லு" என்று அம்மா பையைக் கொடுத்து அனுப்புவார்கள். அரை கிலோ பருப்பு, நூறு புளி, ஒரு சீப்பு வாழைப்பழம். கடையில் நாலு பேர் நிற்பார்கள். அண்ணாச்சி பொருளைக் கட்டிக் கொடுப்பார், நோட்டில் எழுதுவார், ஆனால் பழைய பாக்கி எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லவே மாட்டார். ஒரு துண்டுச்சீட்டில் தொகையை எழுதி, மடித்து, பைக்குள் போடுவார். எங்கள் வீட்டின் வறுமை அந்தத் தெருவுக்குத் தெரியாமல் அந்த மடிப்புக்குள்ளேயே இருந்தது. அது எவ்வளவு பெரிய இரக்கம் என்பது எனக்குக் குருமடம் போன பிறகுதான் புரிந்தது.

வியாபாரம் செய்கிற சகோதரர்களே, உங்களிடம் பழைய இரும்பு எடைக்கல் இருந்தால் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு குழியில் ஈயம் ஊற்றி அதன்மேல் அரசு முத்திரை குத்தியிருக்கும். கை பட்டுப் பட்டுக் கல் தேயும். தேய்ந்தால் எடை குறையும். அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து மறுமுத்திரை வாங்க வேண்டும். ஒரே பைக்குள் பெரிதும் சிறிதுமாக இருவகைக் கற்கள் வைத்திருப்பதை இணைச்சட்ட நூல் தடுக்கிறது. கேட்கத் தெரிந்தவருக்கு ஒரு கல், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு ஒரு கல் என்று நம் கைகளில் இருக்கிறதா? இன்று எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. பாட்டி அப்படியேதான் நிற்கிறார்.

வாங்குகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறோம். கீரைக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறோம். அண்ணாச்சி கடையில் பாக்கியை வைத்துவிட்டு, அவர் கண்ணில் படாமல் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறவர்கள் இங்கே இருக்கலாம். அந்தப் பாக்கிக்குள் அவர் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் இருக்கிறது. கொடுக்க முடியாவிட்டால் நேரில் போய்ச் சொல்லுங்கள். சுற்றிப் போக வேண்டாம்.

காணிக்கைப் பவனியில் இன்று அப்பத்தோடும் இரசத்தோடும் ஓர் எடைக்கல்லும் ஒரு கணக்கு நோட்டும் பீடத்துக்கு வருகின்றன. நம் பங்கில் நெடுங்காலமாகக் கடை நடத்தும் பெரியவர் ஒருவர் எடுத்து வருகிறார். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. கல் ஐந்து கிலோ. நடுவில் கொஞ்சம் வழி விட்டு நில்லுங்கள்.