பார்க்காத கல்லுக்கு யார் பொறுப்பு?

2013 பிப்ரவரி 15 காலை, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின் மேல் சூரியனையும் மங்க வைக்கும் ஒளி ஒன்று வானைக் கிழித்துக்கொண்டு போனது. என்னவென்று பார்க்க மக்கள் ஜன்னலோரம் ஓடினார்கள். ஒளி முந்தி வரும், அதிர்வலை பிந்தி வரும். ஓரிரு நிமிடம் கழித்து வந்த அந்த அதிர்வு, கண்ணாடிகளை நொறுக்கி அவர்கள் மேலேயே வீசியது. ஏறக்குறைய 1,500 பேருக்குக் காயம். சுமார் 20 மீட்டர் அகலமுள்ள அந்தக் கல் சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியின் கண்ணிலும் படவில்லை. அதே நாளில் இன்னொரு கல் பூமிக்கு மேல் சுமார் 27,700 கிலோமீட்டர் உயரத்தில் கடந்துபோனது. அதை ஓராண்டு முன்பே கண்டுபிடித்து, வரும் நேரத்தையும் குறித்து வைத்திருந்தார்கள். ஒன்றை விதி என்கிறோம், மற்றதைக் கணக்கு என்கிறோம். பார்த்ததும் பாராததும் தவிர இரண்டுக்கும் வேறு என்ன பேதம்?

2024 டிசம்பரில் சிலியிலுள்ள ஒரு தொலைநோக்கி கண்ட ‘2024 ஒய்ஆர்4’ என்ற சிறுகோளை எடுத்துக்கொள்வோம். 2032இல் அது பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரியில் 3.1 சதவீதம் வரை ஏறியது. சில நாள்களிலேயே அநேகமாகச் சுழியத்துக்கு இறங்கியது. இதற்கிடையில் கல் வழி மாறவில்லை. அசையாத நட்சத்திரங்களுக்கு நடுவே நகரும் அந்தப் புள்ளியின் இடத்தை இரவுக்கு இரவு குறித்துவர, அதன் பாதை பற்றிய ஐயம்தான் குறுகியது. ஆக, 3.1 என்பது கல்லைப் பற்றிய எண்ணே அன்று; நம் அறியாமையை அளந்த எண். குறைக்கக்கூடிய அறியாமை என்று தெரிந்த பிறகும் அதைக் குறைக்காமல் இருப்பது நாம் செய்யும் ஒரு செயல். அதன் விளைவை ஊழின் கணக்கில் எழுத முடியாது. 140 மீட்டருக்கு மேற்பட்ட, பூமியை நெருங்கும் கற்களில் 90 சதவீதத்தைக் கண்டறியுமாறு அமெரிக்க நாடாளுமன்றம் 2005இல் நாசாவைப் பணித்தது. இருபது ஆண்டுகள் கழித்தும் பாதி தேறவில்லை.

பசியும் நோயும் இருக்க வானத்துக் கல்லுக்கு ஏன் செலவு என்று கேட்பது நியாயமே. ஆனால் பல ஆண்டுகள் முன்னதாகவே நாள் குறித்துத் தடுக்கக்கூடிய இயற்கைப் பேரிடர் இது ஒன்றுதான். 2022 செப்டம்பரில் ‘டார்ட்’ விண்கலம், ஒரு பெரிய சிறுகோளைச் சுற்றிவரும் டைமார்ஃபஸ் என்ற சிறு கல்லின் மீது மோதி, அதன் சுற்றுக்காலத்தை அரைமணி நேரத்துக்கு மேல் குறைத்துக் காட்டிவிட்டது. இறைவன் சித்தத்தில் குறுக்கிடலாமா என்பது இரண்டாவது தடை. புயல் எச்சரிக்கை கேட்டுக் கரையேறும் மீனவரை யாரும் நம்பிக்கையற்றவர் என்பதில்லை. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறள், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறது. மூன்றாவது தடைதான் கனமானது: 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் சிக்சுலுப்பில் விழுந்த கல் டைனோசார்களை அழித்ததால் அல்லவா பாலூட்டிகளுக்கு, நமக்கு, வழி திறந்தது? உண்மைதான். ஆனால் ஓர் அழிவால் நாம் பயன் பெற்றோம் என்பதற்காக அடுத்த அழிவுக்கு வழிவிடும் கடமை வந்துவிடாது. டைனோசார்களுக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை. நமக்கு இருக்கிறது.

இதனால் ஊழே இல்லையென்று ஆகிவிடாது. 2013 ஜனவரியில் கண்டறியப்பட்ட சைடிங் ஸ்பிரிங் வால்மீன், 2014 அக்டோபரில் செவ்வாயை உரசிக்கொண்டு போவதுபோல் சுமார் 1,40,000 கிலோமீட்டரில் கடந்தது. அப்படியொன்று நம்மை நோக்கி வந்தால், இருபத்தொரு மாத அவகாசம் இன்றைய நம் கைக்குப் போதாது. அங்கே பணிவதைத் தவிர வழியில்லை. ஆனால் முயன்று பார்த்த பிறகு பணிவது வேறு, கண்ணை மூடிக்கொண்டு பணிவது வேறு. செல்யாபின்ஸ்கில் அன்று ஓர் ஆசிரியை, அந்த ஒளி என்னவென்று தெரியாமலே, தன் வகுப்பின் 44 குழந்தைகளையும் மேசைக்கடியில் பதுங்கச் சொன்னார். கண்ணாடி அவரைக் கிழித்தது. குழந்தைகளுக்குக் கீறல்கூட இல்லை. கல் விழுவதை அவரால் தடுக்க முடியாது. குழந்தைகளைக் காப்பது அவர் கையில் இருந்தது, அதைச் செய்தார்.