துண்டும் டிஷ்யூ பாக்கெட்டும்

சில மாதங்களாக ஒரு கை என் நினைவை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இடது கை. அதில் ஒரு டிஷ்யூ பாக்கெட்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், தேக்கா உணவங்காடி நிலையம். நான்கு பேர் உட்காரும் மேசை ஒன்று காலியானதும் டிஷ்யூ பாக்கெட்டை அதன்மேல் வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்க வரிசைக்குப் போனேன். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேசையில் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று பொருள். ‘சோப்’ பண்ணுவது என்பார்கள். எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனாலும் பெரும்பாலும் யாரும் மீறுவதில்லை.

தட்டோடு திரும்பி வந்தால் அந்த மேசையில் ஓர் இளைஞன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். என்னைக் கண்டதும் பாதி எழுந்து பாக்கெட்டை நீட்டினான். “அண்ணே, இதை விட்டுட்டுப் போயிட்டீங்க. யாராச்சும் எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு பத்திரமா வச்சிருந்தேன்.” வலது கை முழுக்கச் சோறு. நீட்டியது இடது கை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. “பீச்சாங்கை... தப்பா நினைக்காதீங்கண்ணே” என்றான்.

“இல்ல தம்பி, இடம் பிடிச்சு வச்சிருந்தேன்” என்றேன்.

“அப்படியாண்ணே” என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஒரு தூணோரம் நின்றபடியே மீதியைச் சாப்பிட்டான். முடித்ததும் தட்டை அதற்குரிய அடுக்கில் வைத்தான். 2021 செப்டம்பரிலிருந்து தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை உண்டு. அந்த விதி அவனுக்குத் தெரிந்திருந்தது. டிஷ்யூ விதியை யாரும் சொல்லித் தரவில்லை போலும். கொஞ்ச நேரத்தில் ஒரு சீனத் தம்பதி வந்து, உட்காரலாமா என்று கேட்டார்கள். தலையசைத்தேன்.

நடந்தது இவ்வளவுதான். யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் விரட்டவில்லை. ஆனாலும் அந்த இடது கை என்னைத் தூங்க விடவில்லை. கையை மாற்றி நீட்டியதற்கு அவன் மன்னிப்புக் கேட்டான். பாதிச் சாப்பாட்டில் ஒருவனை எழுப்பியதற்கு நான் கேட்கவில்லை.

முதலில் எனக்குக் கிடைத்த பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவன் ஊரிலிருந்து வந்தவன், அதனால் வெள்ளை மனசு. நான் 22 ஆண்டுகளாக நகரத்தில் ஊறியவன், அதனால் மனம் மரத்துவிட்டது. நம் சினிமாவும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ‘16 வயதினிலே’ வந்த 1977-லிருந்து, பட்டணத்துப் பேச்சு பேசுகிறவன் ஏமாற்றுக்காரன், வயல் வரப்பில் நடப்பவன் நல்லவன். ‘கெட்டும் பட்டணம் சேர்’ என்று பழமொழி சொன்ன அதே நாம்தான், பட்டணம் சேர்ந்தவனைக் கெட்டுப்போனவன் என்றும் சொல்கிறோம்.

ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் ஜிம்மெல் 1903-ல் பெருநகர மனநிலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் எப்போதோ படித்தேன், முழுவதும் நினைவில்லை. பெருநகரத்தில் ஒருவன் ஒரு நாளில் பார்க்கும் முகங்கள் அத்தனைக்கும் மனம் கொடுத்தால் அவன் தாங்கமாட்டான், அதனால் ஒதுங்கியிருப்பதை ஒரு கவசமாக அணிந்துகொள்கிறான் என்பதாக மனதில் பதிந்திருக்கிறது. 2024-ல் சிங்கப்பூரின் மக்கள்தொகை 60 லட்சத்தைத் தாண்டியது. சிறிய தீவு. இங்கே கவசம் இல்லாமல் எம்ஆர்டி ரயிலில் ஏற முடியாதுதான். அந்தச் சமாதானம் இரண்டு நாள் தாங்கியது.

டிஷ்யூ பாக்கெட்டை நினைக்க நினைக்க எனக்குத் துண்டுதான் நினைவுக்கு வந்தது. எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. பொங்கல் சமயத்தில் பேருந்து நிலையத்துக்குள் பஸ் நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு விழும், மஞ்சள் பை விழும், கைக்குட்டை விழும். ஒன்பது வயதில் நானே ஜன்னல் வழியாக உள்ளே போயிருக்கிறேன். அப்பா தூக்கிவிட, மூன்று பேர் சீட்டில் துண்டை விரித்து அதன்மேல் நான் படுத்துக்கொள்வேன். சோப் பண்ணுவதைச் சிங்கப்பூருக்கு வந்து நான் கற்றுக்கொள்ளவில்லை.

துண்டுக்கும் பாக்கெட்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. துண்டு போட்டவர் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்பார். அவரோடு சண்டை போடலாம், “குழந்தைக்காரிக்குக் கொஞ்சம் இடம் விடுங்க” என்று கேட்கலாம். பாக்கெட்டை வைத்தவர் கண்ணில் படமாட்டார். முகம் தெரியாத அவருடைய உரிமையை முகம் தெரியாத மற்றவர்கள் மதிக்கிறார்கள். மேசையில் அடையாள அட்டையை, கைபேசியையே வைத்துவிட்டு வரிசைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இதையும் மனம் மரத்துப்போனது என்று சொல்ல முடியுமா? தெரிந்தவரை நம்புவது எங்கள் ஊரின் குணம். தெரியாதவரை நம்புவது இந்த நகரத்தின் குணம். இரண்டாவது எளிதில் வருவதில்லை.

இப்படி நகரத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நான் நினைக்காத ஒருத்தி.

அன்றைக்கும் துண்டின்மேல் படுத்திருந்தேன். கைக்குழந்தையோடு ஏறினாள், வயல் வேலைக்குப் போகிறவள். துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்பா இன்னும் ஏறவில்லை. நாங்கள் இரண்டு பேர்தான், சீட்டு மூன்று பேருக்கானது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. முன்பக்கம் போய், இன்ஜின் பெட்டியை ஒட்டித் தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். அவள் எந்தத் தெரு என்று எங்களுக்குத் தெரியும். எங்களை அவளுக்கும் தெரியும். பிறகு பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் ஏறினார். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவருக்கு இடம் விட்டார்.

தேக்காவில் நான் தலையசைத்ததும் இதுவும் ஒன்றுதானே என்று பட்டபோது உடம்பு கூசியது.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தைப் போற்றியவர்களைக் கடுமையாக மறுத்தார். அரசியல் சட்ட வரைவு கிராமத்தை விட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் மகிழ்ச்சி என்றார். கல்லூரியில் அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இன்று வருவதில்லை. இந்த 22 ஆண்டுகளில் என் அடுக்குமாடி புளோக்கில் எந்த மலாய்க்காரரும் சீனரும் என்னிடம் “நீ எந்தத் தெரு?” என்று கேட்டதில்லை. தேக்காவில் மட்டும்தான் யாராவது “எந்த ஊரு?” என்று தொடங்குவார்கள். அந்தக் கேள்வியில் பாசம் இருக்கும். சில நேரம் அடுத்த கேள்விக்கான வழியும் இருக்கும்.

அப்படியானால் அந்தத் தம்பி எழுந்தது எதனால்? மரியாதை என்று நான் ரசித்தது, எழுந்து பழகியவர்களின் வேகமா? சட்டைப்பையில் அலுவலக அட்டையோடு நின்ற என்னைக் கண்ட பயமா? ஒப்பந்தத்தில் வந்து டார்மெட்ரியில் தங்கி, வாரத்தில் ஒரு நாள் மட்டும் தேக்காவுக்கு வருகிறவனுக்கு, யாரோடும் வம்பு வேண்டாம் என்ற எச்சரிக்கையா? அதுதான் என்றால், ‘ஊர்க்காரனின் பணிவு’ என்று நான் அதைப் புகழ்வது பாவம்.

ஆனால் இப்படி முடிவு கட்டவும் மனம் ஒப்பவில்லை. அவன் முகத்தில் பயம் தெரிந்ததாக நினைவில்லை. ‘அப்படியாண்ணே’ என்றபோது சின்ன வெட்கம்தான் தெரிந்தது, தப்பான வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்ட பையனின் வெட்கம். அவனை வெள்ளை மனசுக்காரன் ஆக்கியதும் நான், அஞ்சி நடுங்குகிறவன் ஆக்குவதும் நான். இரண்டுமே அவனைக் கேட்காமல் நான் எழுதிக்கொள்ளும் கதைகள். ஒருவேளை அவன் நல்ல பிள்ளை, அவ்வளவுதானோ என்னவோ. அவன் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அன்று ஒருமுறையாவது அந்தக் கேள்வி நல்லதற்குப் பயன்பட்டிருக்கும்.

2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. கூடி உண்பது என்பது அந்தப் பதிவின் பெயரிலேயே இருக்கிறது. அந்த மேசையில் அன்று கூடி உண்ண எல்லாமே இருந்தன. நான்கு இருக்கைகள், இரண்டு தமிழர்கள், ஒரே மொழி.

என்னைத் தடுத்தது நகரமா, மன்னார்குடியா என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. தெளியும் என்றும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்குப் போனால் அந்தத் தூணோரம் கண் போகிறது. அவனை மறுபடி பார்க்கவில்லை. உங்கள் டிஷ்யூ பாக்கெட் இருக்கும் மேசையில் நாளை யாராவது தெரியாமல் வந்து உட்கார்ந்திருந்தால், எந்தக் கையால் அதை அவர் நீட்டினாலும் வாங்கிக்கொண்டு, “உட்காருங்க, சாப்பிடுங்க” என்று சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.